வினையூக்கி செலவாகாதென்றால், அதை ஏன் திரும்ப எடுக்க முடிவதில்லை?

பிளஸ் டூ வேதியியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார்: "வினையூக்கி வினையில் செலவாகாது என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியானால் தொழிற்சாலையில் அதை ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான். என்ன சொல்ல?"

பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். செலவாகாமல் இருப்பது ஒன்று, கைக்குத் திரும்பி வருவது இன்னொன்று. வினையூக்கி கலவையில் கரைந்துபோனால் அது விளைபொருளோடு சேர்ந்து போய்விடும். இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுவது, சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கும் பாலிமர் தயாரிப்பில் வரும் தாமிரக் கதை.

இணை சேராத எலக்ட்ரானோடு சட்டென வினைபுரியும் தனி உறுப்புகளைக் கொண்டு சாதாரணமாகப் பாலிஸ்டைரீன் செய்தால், ஒவ்வொரு சங்கிலியும் ஒரு நொடி வாக்கில் பிறந்து, வளர்ந்து, இன்னொரு சங்கிலியின் முனையில் மோதிச் செத்துவிடும். நீளம் ஆளுக்கொன்று. 1995-இல் பிட்ஸ்பர்க்கில் கிரிஸ்டோஃப் மத்தியாஷெவ்ஸ்கி தாமிரத்தையும், கியோட்டோவில் மிட்சுவோ சவமோட்டோ ருத்தேனியத்தையும் வைத்துத் தனித்தனியாக இதற்கு வழி கண்டார்கள். சங்கிலியின் முனையில் ஒரு ஹாலஜன் அணு மூடியாக இருக்கும். புரோமின் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எலக்ட்ரானை இழந்த தாமிரம், அதாவது தாமிரம்(I), அதைப் பிடுங்கி, இன்னொன்றையும் இழந்து தாமிரம்(II) ஆகும். முனை விழித்துக்கொண்டு, சங்கிலியின் கண்ணிகளாகும் சின்ன மூலக்கூறுகளான மோனோமர்களில் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். உடனே ஒரு தாமிரம்(II) வந்து புரோமினைத் திருப்பி மாட்டிவிடும். எந்த நேரம் பார்த்தாலும் விழித்திருப்பது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு சங்கிலிதான். மோதிச் சாக ஆளில்லாததால், மணிக்கணக்கில் எல்லாச் சங்கிலிகளும் ஒரே சீராக வளரும். இந்தச் சீரை அளக்க ஓர் எண் உண்டு. எல்லாம் ஒரே நீளம் என்றால் 1. பழைய முறையில் 1.5, 2 என்று போகும். இதில் 1.1 வரை இறங்கும்.

அழகுதான், ஆனால் ஆரம்ப காலச் செய்முறையில் சங்கிலிக்கு ஒரு தாமிர அணு தேவைப்பட்டது. நூறு ஸ்டைரீன் கோத்த சங்கிலி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ பாலிமரில் சுமார் ஆறு கிராம் தாமிரம். வெள்ளையாக வரவேண்டிய பொருள் பச்சையாக வரும். ஆய்வுக்கூடத்தில் அலுமினா நிரப்பிய குழாயில் ஊற்றி வடித்துவிடலாம். டன் கணக்கில் அது நடக்கிற காரியமா?

சரி, தாமிரத்தைச் சிலிக்கா மணிகளின்மேல் கட்டிப்போட்டால்? மணியின் பரப்பில் ஈனி மூலக்கூறுகளை ஒட்டவைத்து, அவை தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் போதும், வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்து அடுத்த முறைக்குப் போடலாம். 1990-களின் கடைசியில் பல குழுக்கள் இதைச் செய்தன. பாலிமர் வந்தது, தாமிரமும் திரும்பி வந்தது. ஆனால் சங்கிலிகளின் சீர் போய்விட்டது. அந்த எண் மறுபடி 1.5-ஐத் தாண்டியது.

ஏன் என்று பார்த்தால், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அங்கேதான் இருக்கிறது. விழித்த முனையை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வாக்கில் மூடியாக வேண்டும். கரைசலில் ஒரு பாலிமர் சங்கிலி அந்த நேரத்துக்குள் ஒரு மைக்ரோமீட்டர்கூட நகராது. மணிகளுக்கு இடையிலான தூரமோ பல பத்து மைக்ரோமீட்டர். மணியின் அருகே விழித்து, அங்கேயே மூடப்படாமல் கரைசலுக்குள் நழுவிய சங்கிலிக்கு, மூடி மாட்டும் தாமிரம் எட்டாத தூரம். அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும், மோதிச் சாகும். விழிக்கவைப்பது திண்மப் பரப்பில் நடந்தால் பாதகமில்லை. அவசரமே இல்லாத வேலை அது. மூடுவதுதான் அவசரம்.

மத்தியாஷெவ்ஸ்கி குழு இதற்குக் கண்ட தீர்வு, கட்டிப்போட்ட தாமிரத்தோடு கரையும் தாமிரம்(II)-ஐத் துளியூண்டு சேர்ப்பது. மோனோமர் பத்து லட்சத்துக்கு வெறும் சில பத்து. இவ்வளவு சொற்பம் எப்படிப் போதும்? ஊருக்கு வெளியே இருக்கும் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஓயாமல் ஓடும் ஒற்றை மினி பஸ்ஸைப் போல அது வேலை செய்கிறது. கரைசலில் விழித்திருக்கும் முனைக்குப் புரோமினைக் கொடுத்து அதை மூடும். தான் தாமிரம்(I) ஆகும். மணியின் பரப்பில், முன்பு பிடுங்கிய புரோமினை வைத்துக்கொண்டு தாமிரம்(II) உட்கார்ந்திருக்கிறது. அங்கே போய் அந்தப் புரோமினை வாங்கிக்கொள்ளும். இப்போது மணியில் இருப்பது மறுபடி தாமிரம்(I), அடுத்த சங்கிலியை எழுப்பத் தயார். கரைசலில் இருப்பது மறுபடி தாமிரம்(II), அடுத்த முனையை மூடத் தயார். சின்ன மூலக்கூறு, வேகமாக நகரும், கூப்பிட்ட இடத்துக்கு வரும். சீர் எண் 1.3-க்குள் திரும்பிவிட்டது, வடிகட்டிய பிறகு மிஞ்சும் தாமிரமும் மிகச் சொற்பம்.

மற்ற வழிகளும் உண்டு. ஈனியில் பாலிஎத்திலீன் வாலைக் கட்டினால் சூடான டொலுயீனில் கரையும், ஆறினால் வீழ்படிவாகும். இரும்பு ஆக்சைடு நுண்துகளில் கட்டினால் காந்தத்தால் இழுத்துவிடலாம்.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். "ஐந்து முறை மறுபயன்பாடு" என்று பட்டை வரைபடம் போடும் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. தாமிரம் உண்மையிலேயே மணியில் இருந்ததா, கழன்று கரைசலுக்குப் போய்விட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, தெளிந்த திரவத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்கிப் பார்க்க வேண்டும். வினை நிற்காமல் ஓடினால் வேலை செய்தது மணி இல்லை, கழன்ற தாமிரம். இதைச் செய்யாமல் விட்டவை ஏராளம். குறை மாணவர்களுடையது மட்டுமல்ல. புது வினையூக்கிக்குத்தான் நிதி கிடைக்கிறது. பழையதைக் கறாராக அளந்து பார்க்க யார் பணம் தருகிறார்கள்?

மறுபயன்பாட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் சில சங்கிலிகள் மோதிச் சாகத்தான் செய்யும். அவற்றின் புரோமின் மூடி தாமிரத்திலேயே தங்கிவிடும். மணிகளில் தாமிரம்(II) பெருகிக்கொண்டே போகும், வேகம் குறையும். அடுத்த சுற்றுக்கு முன் அதை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்துத் தாமிரம்(I) ஆக்கி, சரிசெய்ய வேண்டும். அப்புறம் ஒருவருக்கு இப்படித் தோன்றியது: வினை நடக்கும்போதே ஒடுக்கிக்கொண்டிருந்தால்? 2006-இல் வந்த முறையில் வைட்டமின் சி போன்ற ஒடுக்கிகள் அந்தத் தாமிரம்(II)-ஐக் கலத்துக்குள்ளேயே தாமிரம்(I) ஆக்குகின்றன. மொத்தத் தாமிரமே பத்து லட்சத்துக்குச் சில பத்துதான். இவ்வளவு குறைந்த பிறகு, பல பயன்களுக்கு அதைத் திரும்ப எடுக்கும் பாடே வேண்டாம் என்று விட்டுவிடலாம். மணிகளில் கட்டும் முறைக்கு உண்மையான போட்டி இதுதான் என்பது என் கணிப்பு.

எடுத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இன்னும் எளிய ஏற்பாடு இருக்கிறது. சாதாரணத் தாமிரக் கம்பியைக் கலக்கும் காந்தத் துண்டின்மேல் சுற்றி உள்ளே போட்டுவிட்டு, வினை முடிந்ததும் வெளியே எடுத்து மறுபடி பயன்படுத்துவது. ஃபிலடெல்ஃபியாவில் விர்ஜில் பெர்செக் இதைப் பெரிதாக வளர்த்தார். சங்கிலியை எழுப்புவது கம்பியின் உலோகப் பரப்பா, அதிலிருந்து உண்டாகும் தாமிரம்(I)-ஆ என்று அவருக்கும் பிட்ஸ்பர்க்காரர்களுக்கும் இடையே கட்டுரை கட்டுரையாக வாதம் நீண்டது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம், முனையை மூடுவது கரைசலில் இருக்கும் தாமிரம்(II).