முதிர மறுக்கும் செல்களும் லெட்-7உம்

மார்பகக் கட்டியில் இருக்கும் செல்கள் எல்லாமே ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. 2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க்கின் குழு, நோயாளிகளின் கட்டிச் செல்களை வகை பிரித்து எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தது. ஒரு வகையில் 100 செல்களே புதுக் கட்டியை முளைக்க வைத்தன. மற்ற வகையில் பல்லாயிரம் செலுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. தன்னையே பெருக்கிக்கொண்டு மற்ற வகைச் செல்களையும் உருவாக்கும் அந்தச் சிறுபான்மையைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறோம்.

சரி, இவை மட்டும் ஏன் இப்படி? விடையின் ஒரு பகுதி, 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவிடம் கிடைத்தது. சி. எலிகன்ஸ் புழுவில் லெட்-7 என்ற மரபணு பழுதானால், தோல் செல்கள் முதிர்ச்சி அடையாமல் இளம்பருவ வேலையையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. 2000இல் அமெரிக்க ஆய்வாளர் கேரி ருவ்குனின் குழு இந்த மரபணுவை ஆராய்ந்தபோது, அதிலிருந்து புரதம் எதுவும் உருவாகவில்லை. சுமார் 22 எழுத்து, அதாவது 22 வேதி அலகு, நீளமுள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டுமே வந்தது. மற்ற மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ. இது; இதற்கும் பெயர் லெட்-7தான். அதே 22 எழுத்து நம் உடலிலும் இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாறாமல். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது.

புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் லெட்-7 போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே புரத உற்பத்தி குறைகிறது, தூதும் சிதைகிறது. கருவின் ஸ்டெம் செல்களில் லின்28 என்ற புரதம் லெட்-7ஐ முழுமை பெற விடாமல் தடுக்கிறது. செல்கள் முதிரத் தொடங்கும்போது லெட்-7 பெருகுகிறது.

மார்பகப் புற்றுநோய் ஸ்டெம் செல்களிலும் லெட்-7 மிகக் குறைவு என்று 2007இல் சீன ஆய்வாளர் எர்வெய் சோங்கும் ஜூடி லீபர்மேனும் இருந்த குழு கண்டது. அந்தச் செல்களுக்குள் லெட்-7ஐப் புகுத்தியதும் எலிகளில் கட்டி உருவாவதும் பரவுவதும் குறைந்தன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேலைப் பிரிவினைதான். செல் பெருகத் தூண்டும் ராஸ் என்ற புரதத்தை அடக்கினால் செல் தன்னையே பெருக்கிக்கொள்வது குறைகிறது. எச்.எம்.ஜி.ஏ.2 என்ற இன்னொரு புரதத்தை அடக்கினால் செல் முதிர ஆரம்பிக்கிறது. லெட்-7 இரண்டையும் சேர்த்தே அடக்குகிறது.

அப்புறம் ஏன் இன்னும் மருந்தாகவில்லை? வெறும் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். கொழுப்புக் குமிழிக்குள் பொதிந்து அனுப்ப வேண்டும். எம்.ஐ.ஆர்.-34 என்ற வேறொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அப்படித்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்ததால் 2016இல் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று.