சாட்சி சொன்ன பிறகும் வலிக்கிறதா?

"வலி நீங்கிவிட்டது என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டேன் டாக்டர். இனி எந்த முகத்தோடு மாத்திரை போடுவது?"

வலி சிகிச்சைக்கு வரும் கிறிஸ்தவர்கள் சிலர் இதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஜெபக் கூட்டத்தில் முதுகுவலி விட்டது போலிருந்தது என்பார்கள். அது பொய்யல்ல. மன ஆறுதலும், நாலு பேர் நமக்காக நிற்கிறார்கள் என்ற தெம்பும் வலியை உண்மையாகவே தணிக்கக்கூடும். சில நாளில் வலி திரும்பும்போது வெட்கமும் கூடவே வந்துவிடுகிறது. மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்குகிறார்கள். அல்லது அடியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறோம். காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாது, வலி மட்டும் நிஜமாக இருக்கும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதற்கென்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறது. "ஸ்கேனில் ஒன்றுமில்லையே" என்று கைவிரிக்கும் மருத்துவரும், "விசுவாசம் போதாது" என்று சொல்லும் சபையாரும் நோயாளியின் சொல்லை நம்ப மறுப்பதில் ஒன்றுதான்.

பைபிளில் அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை; கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. அடிக்கடி நோயுற்ற தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவை, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்து என்ற ஊரில் விட்டுவந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். இருவருடைய விசுவாசத்தையும் அவர் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கக் கிளம்பியதும் கெட்டது. நோய் விசாரிக்கப் போகிறவர்கள் யோபு புத்தகத்தின் அந்த அதிகாரங்களை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின், வீரியமான வலிநிவாரணிகளான ஓபியாய்டு வகை மருந்துகளைப் பல வாரம் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தக்கூடாது. தூக்கம் கெடும், வியர்க்கும், பதற்றம் வரும். முதல் இரண்டு மருந்துகளை அப்படி நிறுத்தியவர்களில் சிலருக்கு வலிப்பே வந்திருக்கிறது. சுகம் தெரிந்தால் சந்தோஷம். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் தேய்ந்தவர்கள் நெடுநேரம் முழங்காற்படியிட்டு ஜெபித்துவிட்டு, மறுநாள் முழுக்கப் படுத்துக்கிடப்பதைப் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபியுங்கள். ஆராதனையில் ஓரத்து இருக்கையைப் பிடித்தால் இடையில் எழுந்து நிற்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வலி குறைந்த நாளில் வாரத்து வேலையெல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். வலி கூடிய நாளிலும் கொஞ்சமாவது நடங்கள்.

முதுகுவலியோடு திடீரெனச் சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், மலம் அடக்க முடியாமல் போனால், தொடைகளுக்கு இடையே மரத்துப்போனால், அல்லது கால் வலுவிழந்தால் அது அவசரம். ஜெபிக்கச் சொல்லிச் சபையாருக்குச் செய்தி அனுப்புங்கள், ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் ஏறிய பிறகு அனுப்புங்கள்.