டார்க் ஹார்ஸ்: எதிர்பாரா வேட்பாளர்

அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளில் 'கறுப்புக் குதிரை' என்ற தொடர் அவ்வப்போது கண்ணில் படும். 'டார்க் ஹார்ஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். ஆனால் 'டார்க்' இங்கே நிறத்தைக் குறிக்கவில்லை. வெளியே தெரியாதது என்பதே அதன் பொருள். போதாக்குறைக்கு, நம் அரசியல் பேச்சில் 'கறுப்பு ஆடு' என்றால் உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவர். அதற்குப் பழகிய காதுக்குக் கறுப்புக் குதிரையும் துரோகியாகவே கேட்கும்.

சொல் பிறந்த இடம் குதிரைப் பந்தயம். பணம் கட்டுகிறவர்களுக்குத் திறமை தெரியாத குதிரைதான் டார்க் ஹார்ஸ். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி 1831இல் வெளியிட்ட 'தி யங் ட்யூக்' நாவலில், யாரும் கணக்கில் கொள்ளாத அப்படியொரு குதிரை முந்திப் பாய்ந்து வெல்கிறது.

அமெரிக்க அரசியலில் இதற்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் ஜேம்ஸ் போல்க். டென்னசி ஆளுநர் தேர்தலில் 1841, 1843 என அடுத்தடுத்து இருமுறை தோற்றவர். 1844 மே மாதம் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க பால்டிமோரில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது, துணை அதிபர் வேட்பாளர் இடம் கிடைத்தாலே போதும் என்ற நிலையில்தான் அவர் இருந்தார். முன்னாள் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றார். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது மாநாட்டு விதி. அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸை உடனே அமெரிக்காவுடன் இணைப்பதற்கு அவர் எதிர்ப்புத் தெரிவித்திருந்ததால் தென்மாநிலத்தார் அசையவில்லை. அடுத்து மற்றொரு போட்டியாளரான லூயிஸ் காஸ் மேலேறி வர, வான் பியூரன் தரப்பு அவருக்கு விட்டுக்கொடுக்க மறுத்தது. ஏழு சுற்றுகள் முடிந்தன. போல்க்குக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. எட்டாம் சுற்றில் 44. ஒன்பதாம் சுற்றில் மாநாடே அவர் பக்கம் சாய்ந்தது.

டெக்சாஸ் இணைப்பை ஆதரித்தவர் என்பதால் தெற்குக்கு அவர் மேல் குறையில்லை. வான் பியூரனுக்கு விசுவாசமாக இருந்தவர் என்பதால் வடக்குக்கும் பகையில்லை. முன்னாள் அதிபர், முதிய ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆசியும் இருந்தது. கட்சியில் பலருக்கும் அவர் முதல் விருப்பம் அல்ல. வேண்டாம் என்று அடம்பிடிக்கவும் ஆளில்லை. அவர் வேட்பாளரானதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. 'யார் இந்த ஜேம்ஸ் போல்க்?' என்று எதிர்த்து நின்ற விக் கட்சியினர் ஏளனம் செய்தார்கள். நவம்பரில் அவர்களுடைய வேட்பாளர் ஹென்றி கிளேயை அவர் தோற்கடித்தார்.

1852இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிராங்க்ளின் பியர்ஸ் 49ஆம் சுற்றில் இப்படித்தான் வந்தார். 1880இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் ஜான் ஷெர்மனை முன்மொழியப் போன ஜேம்ஸ் கார்ஃபீல்டே 36ஆம் சுற்றில் வேட்பாளர் ஆனார்.

மூன்றில் இரண்டு பங்கு விதியை ஜனநாயகக் கட்சி 1936இல் கைவிட்டது. 1968க்குப் பிறகு மாநில வாரியான முன்தேர்தல்களே வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன. 1976இல் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டரை நாட்டில் பலருக்குத் தெரியாது. அப்போது தொடக்கத்திலேயே வந்த அயோவா மாநிலத்தில் அவர் ஊர் ஊராகச் சுற்றி, மற்ற வேட்பாளர்களை முந்தினார். அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் வாஷிங்டனுக்கு அந்நியர் என்பதே அவருக்குத் தகுதியாக அமைந்தது.

ஆகவே டார்க் ஹார்ஸுக்குத் தமிழில் 'சமரச வேட்பாளர்' என்று எழுதினால் அது போல்க்குக்குப் பொருந்தும், கார்ட்டருக்குப் பொருந்தாது. 'அண்டர்டாக்' வேறு: நன்கு அறிமுகமானவராகவே இருக்கலாம், தோற்பார் என்று கருதப்படுபவர். டார்க் ஹார்ஸின் பலம் எவ்வளவு என்பதே கணிப்பில் இல்லை. தேர்தலுக்கு 'எதிர்பாரா வேட்பாளர்' என்று எழுதலாம். விளையாட்டில் 'கணிப்பில் இல்லாத அணி' பொருந்தும். 'எதிர்பாரா வெற்றியாளர்' வேண்டாம், டார்க் ஹார்ஸ் என்பது முடிவு வருமுன்பே வழங்கும் பெயர்.