"லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்கும் வீடுகளுக்கு

குழந்தைகளின் செவித்திறனைப் பரிசோதிப்பது என் வேலை. இரண்டரை, மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்று வருகிறவர்கள் வீட்டில் ஒரே பேச்சுதான் ஓடியிருக்கும்: "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்." பெண் குழந்தை என்றால், "அவ அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்." பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், சில சமயம் மருத்துவர்கூட இதையே சொல்லிவிடுவதால், சந்தேகப்படுகிறவர்தான் அவசரக்காரர் ஆகிவிடுகிறார்.

தென் மாவட்டத்துக்காரர்கள் குமரகுருபரரையும் சொல்வார்கள். ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூர் சந்நிதியில் பாடத் தொடங்கியவர் என்பது வழிவழியாக வரும் வரலாறு. நம்பிக்கையோடு கோயிலுக்குப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் காது டெஸ்ட்டை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். காதில் விழாத பேச்சை எந்த நாக்காலும் பழக முடியாது.

"காதெல்லாம் நல்லா கேக்குது, தட்டைக் கீழே போட்டா திரும்பிப் பார்க்கிறான்" என்பார்கள். எவர்சில்வர் தட்டு விழுந்தால் தரை அதிரும். தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது உடம்பில் தெரியும். தட்டைப் போடுகிறவரின் கை அசைவும் நிழலும் கண்ணில் படும். கைதட்டிப் பார்ப்பதிலும் இதே சிக்கல். அதோடு, ஓரளவு மட்டும் கேட்கும் குழந்தைக்குத் தட்டுச் சத்தமும் கதவுச் சத்தமும் உண்மையிலேயே கேட்கும். மெல்லிய மெய்யெழுத்து ஒலிகள்தான் நழுவிவிடும். சோறு, தோடு, ஓடு மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே காதில் விழும்போது அது எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லும்?

"பாப்பா முதல்ல நல்லாத்தான் சத்தம் போட்டா, கண்ணு பட்டுதான் நின்னுபோச்சு" என்றும் கேட்டிருக்கிறேன். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் "ஆ, ஊ" என்று மழலை பேசும். தன் குரலே தனக்குக் கேட்காதபோது அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.

இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அம்மாதான். குக்கர் விசிலுக்கும் அசையாமல் தூங்கும் பிள்ளையைப் பார்த்து அவர் பயந்து சொன்னால், "அபசகுனமா பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். குறை உறுதியானதும் அதே வீடு, "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா? போனைக் கொடுத்தே வளர்த்தியா?" என்று அவரையே குற்றவாளி ஆக்குகிறது. எனக்கு இதில் வரும் கோபம் இன்றுவரை குறையவில்லை. பரம்பரையாக வரும் பிறவிச் செவிக்குறைபாட்டில் பெரும்பகுதி, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் மரபணு மாற்றங்களால் வருவது. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்தக் குறை இல்லாமலும் இருக்கலாம். அக்கா மகளையோ அத்தை மகளையோ கட்டும் வழக்கத்தில் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் பெண் எடுப்பதைப் பெருமையாகப் பேசும் குடும்பங்கள் இதையும் பேசியாக வேண்டும்.

மூளை ஒலியைப் பிரித்தறியப் பழகுவதற்கு முதல் மூன்று ஆண்டுகள் மிக முக்கியம். அதனால்தான் பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் காதுக்கருவி என்று இலக்கு வைத்திருக்கிறோம். உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓஏஈ டெஸ்ட்டில் காதில் ஒரு சின்ன அடைப்பான் வைப்போம், அவ்வளவுதான். ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டுக்கு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வில்லைகள் ஒட்டுவோம், குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் வலி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். காதுக்கருவி போதாமல், அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. காத்திருந்தே அந்த வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏழு, எட்டு வயதில் வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்னொரு பயம் இருக்கும்: "சைகை பழகினா பேச்சே வராதாமே." அது உண்மையில்லை. எந்த மொழியும் இல்லாமல் ஒரு குழந்தையை வைத்திருப்பதுதான் அதன் படிப்பையும் மனதையும் முடக்கும். அந்த வயதில் வருகிறவர்களுக்குக் கருவிக்கான ஏற்பாடு ஒரு பக்கம் நடக்கட்டும், சைகை மொழியை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள் என்கிறேன். பிள்ளை மட்டும் இல்லை, அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும்தான்.