முன்பல் கேப்: நிறம் எங்கே தப்புகிறது?

முன்பல்லுக்குப் போடும் செராமிக் கேப் வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது. பல்லின் மேலுறையான எனாமல் வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும். நமக்குத் தெரியும் நிறத்தில் பெரும்பகுதி அதற்கு அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கினுடையது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூச்சுமேல் பூச்சாக ஏறித்தான் அந்தப் பளபளப்பு வருகிறது; ஒரே கோட் பெயின்ட்டில் வராது. பல்லின் அழகும் அப்படி அடுக்கில் இருக்கிறது.

பழைய மெட்டல் செராமிக் கேப்பில் உள்ளேயிருக்கும் உலோகத்தை மறைக்க, ஒளி புகாத பூச்சு கொடுப்பார்கள். பல் உயிரில்லாமல் தெரியும். ஈறு கொஞ்சம் இறங்கினாலும் சாம்பல் கோடு எட்டிப்பார்க்கும். இப்போது முன்பல்லுக்கு அதிகம் போடுவது கண்ணாடி கலந்த செராமிக்கான லித்தியம் டைசிலிகேட். வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, சுமார் 400 மெகாபாஸ்கல். இன்னொரு செராமிக்கான ஜிர்கோனியா 900 முதல் 1200 வரை தாங்கும். ஆனால் ஒளி நன்றாகப் புகும் ஜிர்கோனியா வகைகளில் வலிமை குறைவு.

வலிமையை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. கேப்புக்கு அடியிலுள்ள பல் என்ன நிறம் என்பதே முதல் கேள்வி. வேர் சிகிச்சைக்குப் பின் கறுத்த பல்லின் மேலோ, வேருக்குள் வைத்த உலோகக் கம்பியான போஸ்ட்டின் மேலோ ஒளி புகும் கேப்பை மாட்டினால் சாம்பல் நிழல் அடிக்கும். அங்கே ஒளி குறைவாகப் புகும் வகைதான் வேண்டும். லேபுக்கு ‘ஏ2’ என்று நிறக் குறியீட்டை மட்டும் எழுதினால் போதாது. செதுக்கிய பல்லின் நிறமும் போட்டோவும் போக வேண்டும்.

ஷேடு, அதாவது பல்லின் நிறம், பார்ப்பது சிகிச்சையின் முதல் வேலை. வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து வெளுக்கும். பழைய நிறத்துக்குத் திரும்ப நேரமாகும். பகல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளும் அரக்குமாகக் கண்டாங்கி கட்டி வந்திருந்தால் மேலே சாம்பல் நிறத் துணி போர்த்த வேண்டும். புடவையின் சாயல் பல்லில் விழும். ஒரு ஷேடை ஐந்தாறு விநாடிக்குமேல் உற்றுப் பார்த்தால் கண் ஏமாற்றும்.

கேப் உட்காரப் பல்லைச் செதுக்கும்போது முன்பக்கம் 1 முதல் 1.2 மி.மீ., கடிக்கும் நுனியில் 1.5 முதல் 2 மி.மீ. எடுப்பார்கள். குறைத்து எடுத்தால் கேப் தடித்து, ஈறோரம் அழுக்கு தங்கி வீங்கும். மூலைகளை உருட்டிவிட வேண்டும். விரிசல் கூர்முனையில்தான் தொடங்கும்.

ஒட்டுவதில்தான் பொறுமை வேண்டும். லித்தியம் டைசிலிகேட் கேப்பின் உட்புறத்தில் 5% ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 20 விநாடி, கழுவி உலர்த்திய பின் செராமிக்கைச் சிமென்ட்டோடு பிணைக்கும் சிலேன் திரவம் ஒரு நிமிடம், அப்புறம் ஒட்டும் ரெசின் சிமென்ட். ஜிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் இந்த அமிலம் பிடிக்காது. அலுமினாத் துகளை மெதுவான அழுத்தத்தில் அடித்து, ஜிர்கோனியாவைச் சிமென்ட்டோடு பிணைக்கும் எம்டிபி பிரைமர் பூச வேண்டும். இடையில் எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். தற்காலிக கேப்பை கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் கலந்த சிமென்ட்டால் ஒட்டியிருந்தாலும் ரெசின் சரியாக இறுகாது.

செராமிக்கில் வெற்றிலைக் கறை எளிதில் ஏறாது. ஆனால் கேப் முடியும் விளிம்பில் ஏறும். கொட்டைப்பாக்கையும் சீப்புச் சீடையையும் முன்பல்லால் கடித்து உடைக்க வேண்டாம். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் இரவில் பல்லுக்கு உறைபோல மாட்டும் நைட் கார்டு போட வேண்டும். கேப் கழன்றுவிட்டால் வீட்டிலிருக்கும் சூப்பர் க்ளூவை வைத்து ஒட்டாதீர்கள். அது உள்ளே இறுகிவிட்டால் கேப் பழைய இடத்தில் உட்காராது. சின்ன டப்பாவில் போட்டு அப்படியே எடுத்துப் போனால், கேப்பும் பல்லும் உடையாமல் இருக்கும்பட்சத்தில் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம்.