துடைப்பதற்கும் நல்லுடலைத் தூக்குவதற்கும் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு

மீண்டும் அதே கோரிக்கை வந்திருக்கிறது. பயிற்சிக்கு வரவிருக்கும் தம் ஊழியர்களுக்காக, மதிப்பீட்டுக் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்க முடியுமா என்று ஒரு துப்புரவு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். “எல்லாம் வீட்டில் செய்கிற வேலைதானே அண்ணே, அரை நாளில் முடித்து அனுப்பிவிடுங்கள்” என்பது அவருடைய வாதம். அதே வாரத்தில்தான், எங்கோ எப்படியோ வாங்கிய சான்றிதழைக் கையில் வைத்திருந்த வேறோர் ஊழியர், மஞ்சள் கறை போகவில்லை என்று அமிலக் கழிப்பறைத் திரவத்தின்மேல் ப்ளீச்சை ஊற்றிவிட்டு, மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். துப்புரவுத் துறையிலும் இறுதிச்சடங்குச் சேவைத் துறையிலும் பயிற்சியளித்து மதிப்பிடுவதே என் தொழில் என்பதால், இந்த இரண்டையும் தனித்தனிச் செய்திகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் என்ன வாயு வரும் என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. போத்தலின் பின்புறத்திலேயே அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. நான் விளக்க விரும்புவது, அந்த எச்சரிக்கையைப் படிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

“கூட இருந்து பார்த்தாலே பழகிவிடும்” என்று சொல்கிறார்கள். துடைப்பான் பிடிக்கத் தெரியாதவர் யார், நல்லுடலைத் தூக்க மனத்துணிவு இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர். பயிற்சி அறையின் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் இருபது ஆண்டு அனுபவசாலிகளும்தான். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு தொழில்களிலும் ஆளைப் பாதிக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இந்த வாதத்தின் அடிப்படைக் கோளாறு. கிருமி தெரியாது, கரைசலின் செறிவு தெரியாது, உடலைப் பதப்படுத்தும்போது காற்றில் கலந்துவிடும் ஃபார்மால்டிஹைடு என்ற இரசாயனம் தெரியாது. தெரியாத ஒன்றை, பக்கத்தில் நின்று பார்த்து எப்படிக் கற்றுக்கொள்வது? பார்த்துக் கற்றவருக்கு முன்னவரின் கைவேகம் வரும். அதோடு முன்னவரின் தவறும் வரும். எது வேகம், எது தவறு என்று பிரித்துச் சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை.

இதை மெய்ப்பிக்க வகுப்பில் நான் ஒரு சிறு பயிற்சி வைப்பதுண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் பொடியைக் கையுறைகளில் தடவிவிட்டு, இரத்தம் சிந்திய இடத்தைச் சுத்தம் செய்வதுபோல் செய்துகாட்டிப் பின்னர் கையுறைகளைக் கழற்றச் சொல்வேன். பெரும்பாலோர் விரல் நுனிகளைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். அதன்பின் விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை அவர்கள்மீது காட்டுவேன். மணிக்கட்டு ஒளிரும்; மூக்குக்கண்ணாடியின் ஓரம் ஒளிரும்; இடையில் ஒருமுறை மணி பார்க்க எடுத்த கைப்பேசியும் முழுவதுமாக ஒளிரும். வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளை முதலில் கேட்டு வாங்குவது அந்தக் கைப்பேசியைத்தான் என்று சொன்னால், கட்டிய கைகள் தாமாகவே அவிழும். மணிக்கட்டருகே வெளிப்புறத்தைக் கிள்ளி, உட்புறம் வெளியே வரும்படி உரித்து, கழற்றிய கையுறையை மற்றக் கைக்குள் சுருட்டிப் பிடித்து, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே நுழைத்துக் கழற்ற வேண்டும் என்பதை அதற்குப் பிறகு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருப்பதில்லை.

கரைசல் கலப்பதிலும் இதே கதைதான். கண்ணளவில் ஊற்றுவது நம்மவர்களுக்குச் சமையலறையில் வாய்த்த வரம். வாளியில் அது சாபம். ஐந்து விழுக்காட்டு ப்ளீச் 20 மில்லிலிட்டரைத் தண்ணீரோடு சேர்த்து ஒரு லிட்டராக்கினால் பத்து லட்சத்தில் 1,000 பங்கு என்ற செறிவு கிடைக்கும். கழுவிய பரப்பில் வழக்கமான கிருமிநீக்கத்துக்கு அதுவே போதும். கூட ஊற்றினால் கூடுதல் சுத்தம் என்று எண்ணி அரைப் போத்தலைக் கவிழ்ப்பவர் உலோகத்தை அரிக்கச் செய்கிறார், தம் நுரையீரலைப் புண்ணாக்குகிறார். அழுக்கை முதலில் கழுவாமல் கிருமிநாசினியை ஊற்றுவதும், ஊற்றிய நொடியிலேயே துடைத்துவிடுவதும் பொருளை வீணாக்குவதுதான். நேற்றுக் கலந்து மிச்சம் வைத்த கரைசல் இன்று வீரியம் இழந்திருக்கும். ‘வாசம் வந்தால் சுத்தம்’ என்று நம்பும் வாடிக்கையாளர்களும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், அவர்களைத் திருத்துவது என் வேலையன்று.

இனி சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் துப்புரவு நிறுவனங்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். 2014ஆம் ஆண்டு முதல் படிப்படியாக உயரும் சம்பள முறையும் ஊழியர் பயிற்சியும் அந்த உரிமத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆண்டில் 1,000 வெள்ளியாகத் தொடங்கிய துப்புரவாளர் அடிப்படைச் சம்பளம், அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி 2028ஆம் ஆண்டில் 2,420 வெள்ளியை எட்டும். சம்பளம் உயர்வதற்கு ஒத்துக்கொண்ட சில முதலாளிகளுக்குப் பயிற்சிக்கு விடுப்புக் கொடுப்பதுதான் வலிக்கிறது. டபிள்யூ.எஸ்.க்யூ. எனப்படும் தேசிய ஊழியர் திறன் தகுதிகளில் மதிப்பெண்ணும் இல்லை, தரவரிசையும் இல்லை. ‘தேர்ச்சியுற்றார்’, ‘இன்னும் தேர்ச்சியுறவில்லை’ என்ற இரண்டே முடிவுகள். வகுப்பில் உட்கார்ந்திருந்ததற்காக எவருக்கும் திறன்சான்று கிடைப்பதில்லை. கையால் செய்துகாட்டி, கேட்ட கேள்விக்கு விடை சொன்னால்தான் கிடைக்கும். விடைத்தாளை மனப்பாடம் செய்து வருபவரிடம் வாளியைக் கொடுத்தால் சாயம் வெளுத்துவிடும். அப்படியிருந்தும் விடைத்தாளைத் தேடி அலைவது எனக்குப் புரிவதில்லை.

‘இன்னும் தேர்ச்சியுறவில்லை’ என்பது அவமானமன்று. விடுபட்ட பகுதியைப் பழகி மறுபடியும் வந்து செய்துகாட்டலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் அக்காமார்களும், ஜோகூரிலிருந்து விடியுமுன் பாலம் கடந்து வரும் அண்ணன்மார்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பெயர் பதியும்போதே எந்த மொழியில் வகுப்பு நடக்கும், மதிப்பீட்டில் வாய்மொழியாக விடை சொல்ல இடமுண்டா என்று கேளுங்கள். கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு பின்வரிசையில் ஒளிந்துகொள்வதில் பயனில்லை. பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை ரொக்கமாக மாற்றித் தருகிறேன், வகுப்புக்கே வர வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டில் பொய்க் கணக்குக் காட்டி ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டிய கும்பல் சிறைக்குப் போனது நினைவிருக்கட்டும்.

இறுதிச்சடங்குச் சேவைக்கு வர விரும்பும் இளையர்களுக்கும் தனியாகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். மனத்துணிவு தேவைதான், ஆனால் அது முதல் நாளுக்கு மட்டும். அதற்குப் பிறகு தேவைப்படுவது முதுகெலும்பைக் காக்கும் தூக்குமுறை, ஆவணங்களைப் பற்றிய தெளிவு, மருத்துவர் சான்றளித்த மரணத்துக்கும் மரண விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டிய மரணத்துக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை. 2022 மே 29ஆம் தேதி முதல் மரணச் சான்றிதழ் மின்னிலக்க வடிவிலேயே வருகிறது. மருத்துவர் சான்றளித்ததும் பதிவு தானாக நடந்துவிடுகிறது. ஆனால் பழைய முறையையே பார்த்துக் கற்றவர்கள் துக்க வீட்டாரை இன்றும் தேவையில்லாமல் அலையவிடுகிறார்கள். உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங்கை முறையாகக் கற்க விரும்புவோருக்கு 1927இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் எம்பாமர்கள் கழகம் அங்கீகரிக்கும் பாடத்திட்டம், ஆஸ்திரேலியாவின் நான்காம் நிலைச் சான்றிதழ் போன்ற பாதைகள் உண்டு. அங்கே உடற்கூறும் நுண்ணுயிரியலும் படிக்க வேண்டியிருக்கும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் உறுதிசெய்த ஃபார்மால்டிஹைடை, “எனக்கு அந்த வாடை பழகிவிட்டது” என்று சொல்லி முகக்கவசமின்றிக் கையாள்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். பழகிப்போவது மூக்கு மட்டும்தான்.

நம் குடும்பங்களில் நல்லுடலைக் குளிப்பாட்டுவதும் வாய்க்கரிசி போடுவதும் நெருங்கிய உறவினர் செய்யும் கடமைகள். தொற்று அபாயம் உள்ள நேரத்தில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை வெடுக்கென்று சொல்லாமல், வீட்டுப் பெரியவரிடம் “ஐயா, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், நான் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன்” என்று எடுத்துச் சொல்வதும் பயின்று வர வேண்டிய திறன்தான். இறுதிச்சடங்கு நடக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசும்போது, காரணம் அறிந்தவரின் குரல்தான் உயராமல் நிற்கும்.

இந்த வேலைகளுக்கு வருவோரிடம் ஒரு வேண்டுகோள். இரத்தமும் உடல் திரவமும் படக்கூடிய பணி என்றால், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். வழக்கமாக அது மூன்று தவணை. முதல் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் இடையில் ஆறு மாதங்கள் ஆகும். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் வந்து, “இன்றைக்குப் போட்டால் போதுமா?” என்று என்னிடம் கேட்காதீர்கள்.