சடை போட்ட தம்பி

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய ஸ்டுடியோ படம் ஒன்றைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். இரண்டு வயதுக் குழந்தை. பட்டுப்பாவாடை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. பின்னால் சாய்த்துவைத்த நிலைக்கண்ணாடியில் பூத்தைத்த சடை முழுசாகத் தெரிகிறது. "எங்க அத்தைண்ணே, கலர் பண்ணிக் குடுங்க" என்றார். சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் முதுகில் பென்சில் எழுத்து: "தம்பி, மொட்டைக்கு முந்தி." அவருடைய அப்பா!

அழகர்கோவிலிலோ குலசாமி கோயிலிலோ முடி இறக்குமுன் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னி, மல்லிகை தைத்து, ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போவது நம் பக்கத்து வழக்கம். போகிற முடி படத்திலாவது இருக்கட்டுமே. பெண்பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஆசையும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு வகை, அரைஞாண் மட்டும் கட்டி உட்காரவைத்த படம். 'ஆண் வாரிசு' என்று கூடத்தில் மாட்டிக்கொள்ளத்தான் அது. பெண்குழந்தையை அப்படி எடுத்து மாட்டியதை நான் பார்த்ததில்லை. வாரிசுப் படத்தை இன்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். "ஓரத்துல தெரியிற கையை எடுத்துருங்க" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பல்பு வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத்தான் விழும். குழந்தை அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் அம்மா பின்னால் மறைந்து பிடித்துக்கொள்வார். அந்த வளையல் கையை அழிக்க எனக்கு மனசு வராது. கேட்டால் அழித்து ஒரு பிரதி தருவேன், கையோடு இருக்கும் ஸ்கேனையும் சேர்த்தே தருவேன். திருஷ்டிப் பொட்டுக்கும் அதே கதைதான். செல்போன் ஆப் அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடும், முகத்தையும் கொஞ்சம் மாற்றிவிடும்.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். பழைய கறுப்பு-வெள்ளைப் பேப்பரில் படம் இருப்பது மேலே உள்ள ஜெலட்டின் பூச்சில். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கொண்டுவாருங்கள், கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கேன் எடுக்கலாம். ஒட்டாத படமென்றால் முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றும் எழுதியில்லையா? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா மறுபக்கம் தடம் போட்டுவிடும்.

மேலூர்க்காரர் கடையிலிருந்தே அத்தைக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த அம்மா சிரித்தார்: "எனக்கு ஏதுடா சின்னப்புள்ளைப் படம்? எனக்கு மொத மொதல்ல எடுத்ததே கல்யாணத்துலதான்."